கறுத்துப் போவதல்ல பிரச்சினை



போன தவணை எட்டாம் தரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிகிரியாவுக்கும் பொலன்னறுவைக்கும் கல்விச் சுற்றுலா போய் வந்தோம். படங்கள் போட்டோம், நீங்களும் பார்த்து லைக் போட்டீர்கள். படத்தில் வராத இரண்டு விசயங்களை இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று. வந்த மறுநாளைக்கு மறுநாள் ஓர் உம்மா மகனையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். பிள்ளையின் பிடரியும் காதும் நெருப்புப் பட்ட மாதிரிக் கன்றி, தோல் உரியத் தொடங்கியிருந்தது. "ரெண்டு ராவா புள்ள ஒழுங்கா உறங்கல்ல சேர். ஒங்கள நம்பித்தானே அனுப்பின" என்றார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இரண்டு. அதே வகுப்பில் வரலாற்றுப் பாடத்தில் எப்போதும் முதலாவதாக வரும் ஒரு பெண் பிள்ளை சுற்றுலாவுக்கு வரவேயில்லை. காசுப் பிரச்சினையாக இருக்கும், நாங்களே சேர்ந்து கட்டிவிடலாம் என்று வீட்டில் கேட்டோம். "காசுக்கில்ல சேர், அந்த வெயில்ல அலைஞ்சா கறுத்துப் போவா, பொறகு யாரு வந்து பாக்கிற?" என்றார்கள். பிள்ளைக்கு வயது பதின்மூன்று.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமது ஊரின் கதை விளங்கும். நிறத்தைப் பற்றி நமக்குப் பயம் இருக்கிறது, தோலைப் பற்றி அக்கறை இல்லை. ஆண் பிள்ளை என்றால் "அவன் பொடியன், என்ன ஆகப்போகுது" என்று விடுகிறோம். பெண் பிள்ளை என்றால் வீட்டுக்குள் வைக்கிறோம். ஒருவன் வெந்து வருகிறான், மற்றவள் சிகிரியாவைப் புத்தகத்தில் மட்டும் பார்க்கிறாள்.

"சன்ஸ்கிறீன் எல்லாம் அறுகம்பேக்கு வாற வெள்ளைக்காரனுக்கு, நம்மட தோலுக்கு ஒண்டும் செய்யாது" என்பார்கள். இதில் பாதி உண்மை. நமது தோலின் கறுப்பு அல்லாஹ் தந்த ஒரு குடைதான். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மவர்களுக்கு வெள்ளையர்களை விடக் குறைவு. ஆனால் அந்தக் குடையில் ஓட்டை இருக்கிறது. நாமும் வேகிறோம், நமக்கும் தோல் உரிகிறது, முகத்தில் மங்கு படர்கிறது. கண்ணுக்கோ அந்தக் குடையே இல்லை. வருடக்கணக்காக வெயிலைப் பார்த்த கண்ணில் புரை வரும் வாய்ப்புக் கூடுகிறது.

கறுப்புக்குப் பயந்து வெள்ளையாக்கும் கிறீம் பூசுவது இதைவிட மோசம். லேபல் ஒழுங்காக இல்லாமல் ஃபேன்சி கடைகளிலும் ஒன்லைனிலும் விற்கும் சில கிறீம்களில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகம் வரைக்கும் போகும். ஸ்டீரொயிட் கலந்தவை தோலை மெல்லியதாக்கும். பூசிய முகத்தோடு வெயிலில் இறங்கினால் முன்பை விடக் கூடுதலாகவே வேகும். கல்யாண வீட்டுக்கு முந்திய மாதம் இதைப் பூசாத வீடு எத்தனை என்று நாமே எண்ணிப் பார்ப்போம்.

இனி எங்கள் தவறைச் சொல்கிறோம். சுபஹுத் தொழுதுவிட்டு ஊரில் இருந்து பஸ் கிளம்பியது. வழியில் காலைச் சாப்பாடு, இரண்டு இடத்தில் நிறுத்தம். சிகிரியா அடிவாரத்துக்குப் போகும்போது பதினொன்று தாண்டிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பாதிக்கு மேல் நிழலே இல்லை. உச்சிப் பகலில் பிள்ளைகளை மலை ஏற்றினோம். அடுத்த நாள் பொலன்னறுவையிலும் அதே நேரம். அங்கே புனித இடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்றத்தான் வேண்டும், அது அவர்களது மரியாதை. சுடுகிற கல்லில் பிள்ளைகள் துள்ளித் துள்ளி நடந்தார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டு வீடியோ எடுத்தோம்.

அட்டவணை போட்டது வெயில் அல்ல, நாங்கள்.

நேரம் பார்க்க ஒரு லேசான கணக்கு இருக்கிறது. உங்கள் நிழல் உங்களை விடக் கட்டையாக இருந்தால் வெயில் கடுமை, ஒதுங்க வேண்டும். நீளமாக இருந்தால் வெளியே போகலாம். இது நமக்குப் புதிதா? அஸர் நேரத்தை நிழலின் நீளம் வைத்துத்தானே மத்ரஸாவில் படித்தோம்? கடும் சூட்டில் லுஹரைக் கொஞ்சம் பிற்படுத்தித் தொழலாம் என்று கற்றுத் தந்த மார்க்கம் நமது மார்க்கம். நிழலையும், வெப்பத்தைத் தடுக்கும் ஆடைகளையும் சூரா அந்நஹ்லில் அல்லாஹ் தன் அருட்கொடைகளாகச் சொல்கிறான். அந்த அருட்கொடையைச் சுற்றுலாப் பையில் வைக்க மறந்தவர்கள் நாம்தான்.

இன்னொரு ஏமாற்று, குளிர். நுவரெலியாவுக்குப் போனால் வெயிலே இல்லை என்று நினைக்கிறோம். அது 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏற ஏற, தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் கூடும். சூடு தெரியாது, அதனால் ஒதுங்கவும் மாட்டோம். மெல்லிய மேகமும் அதை முழுதாக மறைக்காது. பாசிக்குடாவில் தண்ணீருக்குள் நின்றாலும் அது விடாது. பஸ் யன்னல் கண்ணாடி ஊடாகவும் ஒரு பகுதி வரும். ஒரே பக்கச் சீற்றில் நாள் முழுக்க இருக்கும் பிள்ளையை இடம் மாற்றி இருத்துங்கள்.

கிறீம் பற்றிக் கேட்பீர்கள். எஸ்.பி.எப். 30 போதும், வெளியே இறங்கக் கால் மணி நேரத்துக்கு முன் தாராளமாகப் பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். ஆனால் இன்றைய விலையில் நாலு பிள்ளை உள்ள வீட்டுக்கு அது லேசான காரியம் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். அதனால் அதைக் கடைசியில் வைக்கிறோம். முதலில் நேரம். பிறகு நிழல். பிறகு நீளக் கைச் சட்டையும், காதையும் பிடரியையும் மூடும் அகல விளிம்புத் தொப்பியும். அதன் பிறகுதான் கிறீம், அதுவும் மூடாத இடத்துக்கு மட்டும். வயலுக்குப் போகும் நமது வாப்பாமார் தலையில் துவாயைக் கட்டி, பழைய நீளக் கைச் சட்டை போட்டுத்தான் இறங்குவார்கள். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

வயல் என்றதும் ஒன்று ஞாபகம். எலிக்காய்ச்சலுக்காகக் கொடுக்கும் டொக்சிசைக்ளின் குளிசை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். அதைக் குடிக்கும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

உம்றா, ஹஜ் போகிறவர்களுக்கும் இதுதான். 2024 ஹஜ்ஜில் மக்காவில் 51 பாகை தாண்டியது, ஆயிரத்து முந்நூறு பேர் வபாத்தானார்கள். இஹ்ராமில் ஆண்கள் தலையை மூட முடியாது, குடை பிடிக்கலாம். கிறீம் பூசுவதென்றால் வாசனை இல்லாததாக வேண்டும். போகுமுன் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவாகிக் கொள்ளுங்கள்.

அடுத்த சுற்றுலாவுக்கு நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம். முதல் நாள் பின்னேரமே கிளம்பி, இரவு தங்கி, விடியற்காலையில் மலை ஏறுவோம். பத்திலிருந்து மூன்று வரை நூதனசாலை, சாப்பாடு, தொழுகை. ஆண் பிள்ளைகளும் குடை கொண்டுவர வேண்டும், கூச்சப்பட்டால் முதலில் நாங்கள் விரிப்போம். இரவு தங்குவதற்குச் செலவு கூடும். அதற்குப் பழைய மாணவர்கள் கை கொடுத்தால் துஆச் செய்வோம்.

பெற்றோர்களிடம் ஒன்றே ஒன்று. கறுத்துப் போவாள் என்று பிள்ளையை நிறுத்தாதீர்கள். தொப்பியும் குடையும் கொடுத்து அனுப்புங்கள். நேரத்தை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு இந்தக் கிழமை திரும்பவும் போகிறோம்.

வஸ்ஸலாம்.