எல்லாச் சாவியும் ஒரே கையில்

2017ஆம் ஆண்டு மே மாதம் 'வானாக்ரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது, கேரளத்தின் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் ஊராட்சி அலுவலகக் கணினிகளும் தப்பவில்லை. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மருந்து வந்தும் அது எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரவில்லை.

திருவனந்தபுரத்தில் அமர்ந்திருக்கும் ஒரு சிறு குழு, மலையோரக் கிளையின் கணினிக்கும் அன்றே திருத்தம் அனுப்பவும், களவுபோன மடிக்கணினியைப் பூட்டவும் இன்று மென்பொருள் உண்டு. இதனை நாம் முழுமனத்துடன் வரவேற்கிறோம். ஆயினும் எல்லாச் சாவியும் ஒரே கையில் சேர்வது சற்றே அச்சம் தருவதுதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான ஒரு புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள்! ஆகவே எந்தத் திருத்தத்தையும் முதலில் சில கணினிகளில் சோதித்துப் பார்த்து, பின்னரே கிளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது நம் கருத்து. ஓரிரு நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்த ஏற்பாடு வங்கியின் சொந்தக் கணினிகளுக்கு மட்டுமே உரியது. தங்கள் கைப்பேசித் திரையைத் தொலைவிலிருந்து காண வங்கி கேட்பதில்லை. 'எனிடெஸ்க்' செயலி வழியே நிகழும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்துள்ளது. வங்கி அலுவலர் என்று கூறி எவரேனும் அத்தகைய செயலியைப் பதிவிறக்கச் சொன்னால், அழைப்பை உடனே துண்டித்துவிடுங்கள். பணம் போயிருப்பின் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.