ஐந்தறிவு என்று ஏசாதீர்!



இக்கட்டுரை உங்களுள் சிலருக்குக் கசக்கலாம். முதலில் கசந்தது எனக்குத்தான். ஆகவே, என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கலைக்கல்விப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மரம் ஒன்றை வரைந்து வண்ணம் தீட்டச் சொன்னேன். ஒரு மாணவன் இலைகளுக்கெல்லாம் பழுப்பு நிறம் தீட்டியிருந்தான். முந்திய வாரமும் அவ்வாறே செய்திருந்தான். எனக்குச் சினம் மூண்டது. "ஐந்தறிவு படைத்த மாடுகூடப் பச்சை இலையைக் கண்டுகொள்ளும். உனக்கு அந்த அறிவும் இல்லையா?" என்று வகுப்பறிய ஏசினேன். வகுப்பு சிரித்தது. அவன் தலைகுனிந்து அமர்ந்தான்.

இரு வாரங்கள் கழித்து அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். கையில் கண் மருத்துவரின் கடிதம் இருந்தது. பையனுக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் பிறவிக் குறைபாடு. அந்த அம்மையார் குரலை உயர்த்தவில்லை. "என் மகனுக்கு எத்தனை அறிவு என்று நீங்களே சொல்லுங்கள் ஐயா" என்று மட்டும் கேட்டார்.

விடை தெரியாமல் படிக்கத் தொடங்கினேன். படித்த பிறகுதான், நான் ஏசியது கொடுமை மட்டுமன்று, பொய்யும்கூட என்பது விளங்கிற்று. மாட்டின் கண்ணில் நிறமுணரும் கூம்பணுக்கள் இரண்டு வகையே உண்டு. நாய், பூனை, குதிரை ஆகியவற்றுக்கும் அவ்வாறே. சிவப்பையும் பச்சையையும் அவை நம்மைப்போல் பிரித்தறிய மாட்டா. எந்த மாட்டைக் காட்டி அவனை இழித்தேனோ, அந்த மாடும் ஏறக்குறைய அவனைப் போலவேதான் இலையைக் காண்கிறது!

நண்பர்களே, இது என் ஒருவனின் தவறா? 'ஐந்தறிவு உயிர்' என்பதை நம்மில் எத்தனை பேர் வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம்! 'தொல்காப்பியர் டார்வினுக்கு முன்பே பரிணாமத்தைக் கண்டுபிடித்துவிட்டார்' என்று எத்தனை விழா மேடைகளில் முழங்குகிறோம்! ஓரறிவில் தொடங்கி ஆறறிவில் முடியும் ஓர் ஏணியைக் கரும்பலகையில் வரைந்து, அதன் உச்சியில் மனிதனை ஏற்றிவைக்கிறோம். இந்த ஏணியைத்தான் நான் மறுக்கிறேன்.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கைகொண்டு பகுக்கிறது. தொடுவுணர்வு, சுவை, மணம், பார்வை, கேள்வி, மனம் என்பது அதன் வரிசை. சமண நூல்களிலும் இதையொத்த பகுப்பு உண்டு. கூர்ந்து நோக்கி வகைப்படுத்திய முயற்சி என்ற வகையில் இது போற்றத்தக்கது. ஆனால் ஓருயிரிலிருந்து மற்றோருயிர் கிளைத்தது என்று மரபியல் கூறவில்லை. டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் கருத்தோ, உயிர்கள் பொது மூதாதையிடமிருந்து இயற்கைத் தேர்வினால் கிளைத்தன என்பது. ஒன்று வகைப்பாடு, மற்றொன்று வரலாறு. இரண்டையும் குழப்பினால் இரண்டுக்கும் இழுக்கு. சொல்லாததைச் சொன்னதாகச் சாற்றுவது தொல்காப்பியருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மேலும், புலன்கள் படிப்படியாக ஏறிக்கொண்டே போகவில்லை. பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. ஒப்பீட்டு உடற்கூற்றியல் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

காதை எடுத்துக்கொள்வோம். நம் நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. இவற்றுள் முதலிரண்டும் ஊர்வனவற்றில் தாடை மூட்டாக இருக்கும் எலும்புகளே என்று ஜெர்மானிய உடற்கூற்றியலார் ரைக்கர்ட் 1837இல் கருவளர்ச்சியை ஆராய்ந்து காட்டினார். மெல்லுதற்கு உதவிய எலும்பு கேட்டற்குப் பயன்பட்டது. பாலூட்டிகள் அனைத்துக்கும் இதுவே அமைப்பு. எலிக்கும் நமக்கும் இதில் ஏற்றத்தாழ்வு இல்லை.

மூக்குக்கு வருவோம். மணமுணரும் ஏற்பிகளுக்கான செயற்படும் மரபணுக்கள் மனிதனுக்குச் சுமார் 400. எலிக்குச் சுமார் 1,100. ஆப்பிரிக்க யானைக்கோ ஏறக்குறைய 2,000! ஓங்கில் எனப்படும் டால்பினுக்கு மூளையில் மணத்துக்குரிய பகுதியே இல்லை. அதன் மூதாதையர் நிலத்தில் வாழ்ந்தபோது முகர்ந்தவர்கள்தாம். ஆனால் அது எதிரொலியைக்கொண்டு நீருக்குள் வழியறியும். டால்பினை ஏணியின் எந்தப் படியில் நிறுத்துவீர்கள்? நாலறிவு என்பீர்களா? வீட்டுப் பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதற்குரிய மரபணு பழுதுபட்டுக் கிடப்பதை 2005இல் கண்டறிந்தனர். இறைச்சி மட்டுமே உண்ணும் உயிருக்கு இனிப்பு எதற்கு?

நம் நாட்டுக் காடுகளிலேயே இன்னும் அருமையான பாடம் இருக்கிறது. சபா, சரவாக் காடுகளில் டார்சியர் வாழ்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சிறு உயிர். அதன் ஒரு கண் ஏறக்குறைய அதன் மூளையளவு பெரியது. ஏன் தெரியுமா? தேவாங்கு, பூனை முதலியவற்றின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. இருளில் அவற்றின் கண்கள் மின்னுவது அதனால்தான். டார்சியருக்கு அப்படலம் இல்லை. நமக்கும் இல்லை. அதன் முன்னோர் பகலில் வாழ்ந்தபோது அதனை இழந்தனர் என்பது அறிஞர் பலரின் கருத்து. மீண்டும் இரவுக்குத் திரும்பியபோது, இழந்தது மீளவில்லை. கண்ணே பெருத்தது. ஈர மூக்குடைய தேவாங்கைவிட, உலர்ந்த மூக்குடைய டார்சியரே நமக்கு நெருங்கிய உறவு. அதன் உறவினமான பிலிப்பீன்ஸ் டார்சியர் ஏறக்குறைய 70 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் கூவுவதாக 2012இல் அறிவித்தனர். நம் செவியோ 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேளாது.

இனி, அந்தப் பழுப்பு இலைக்கு வருகிறேன்.

டைனோசர்களின் காலத்தில் ஆதிப் பாலூட்டிகள் பெரும்பாலும் இரவில் நடமாடின. இருளில் நிறத்துக்கு வேலையில்லை. நிறமுணரும் கூம்பணு வகைகள் குறைந்து, பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இரண்டே எஞ்சின. பின்னர், 3 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் மனிதக் குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதையிடம், எக்ஸ் குரோமோசோமில் இருந்த ஒரு மரபணு இரட்டித்தது. ஒன்று சிவப்புப் பக்கமும் மற்றொன்று பச்சைப் பக்கமும் ஒளியுணரலாயிற்று. பழுத்த கனியையும் இளந்தளிரையும் பிரித்தறியும் ஆற்றல் இவ்வாறு வந்தது. ஆனால் அவ்விரு மரபணுக்களும் அடுத்தடுத்து, ஒன்றுபோலவே அமைந்திருப்பதால், தலைமுறை மாற்றத்தில் எளிதில் பிசகுகின்றன. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே ஆதலால், பிசகினால் ஈடுசெய்ய மற்றொன்று இல்லை. ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கு இந்நிலை. ஆசியரிடையே சற்றுக் குறைவு. நமக்குக் கிடைத்த பரிசும் அந்தச் சிறுவனுக்கு நேர்ந்த பிசகும் ஒரே இடத்தில் பிறந்தவை!

பிசகு என்று முற்றாகச் சொல்லவும் கூடாது. கோஸ்தா ரிக்காவில் கபுச்சின் குரங்குகளை ஆராய்ந்தவர்கள் 2007இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இருநிறப் பார்வையுடைய குரங்குகள், இலை தழைகளில் மறைந்திருக்கும் பூச்சிகளைப் பிடிப்பதில் மூன்றுநிறப் பார்வையுடையவற்றைவிடத் திறம் வாய்ந்தனவாம். நிறத்தால் ஏமாறாத கண் உருவத்தைக் கண்டுகொள்கிறது. எது மேல்? எது கீழ்?

ஏணிப் பழக்கம் விலங்குகளோடு நிற்பதில்லை என்பதே என் பெரிய கவலை. பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா 1879இல், மூளையின் அமைப்பை மட்டும் பார்த்து, மனிதனை மணத்தறிவு குன்றியவன் என்று வகுத்தார். முகர்வது விலங்கின் தொழில், மனிதனுக்கு அது இழிவு என்ற எண்ணம் வேரூன்றிற்று. அது ஆதாரமற்ற பழங்கதை என்று ஆய்வாளர் மெக்கான் 2017இல் எழுதினார். அதற்கு முன்பே நம் தீபகற்பத்தின் வடபகுதியில் வாழும் ஜஹாய் பழங்குடியினர் அதைப் பொய்ப்பித்துவிட்டனர். நிறங்களைப் பெயரிட்டுச் சொல்வதுபோலவே மணங்களையும் அவர்கள் எளிதாகப் பெயரிட்டுச் சொல்கின்றனர் என்று 2014இல் ஆய்வு வெளிவந்தது. ஆங்கிலம் பேசுவோர் அதே சோதனையில் தடுமாறினர். அம்மக்களையும் நம்மில் சிலர் ஏணியின் கீழ்ப்படியில் வைத்துப் பேசுவதில்லையா?

'அப்படியானால் மனிதனுக்குச் சிறப்பே இல்லையா?' என்று கேட்பீர்கள். உண்டு. மொழியும் சிந்தனையும் நம் சிறப்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆறறிவு மக்களுக்கு உரியது என்று கூறிய தொல்காப்பியமே, அவ்வினத்தைச் சேர்ந்த பிற பிறப்புகளும் உண்டு என்று இடம்விட்டிருக்கிறது. அந்நூலுக்கு இருந்த அடக்கம் அதனை மேற்கோள் காட்டும் நமக்கு இல்லை!

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: 'ஐந்தறிவு' என்ற வசையை வகுப்பறையிலிருந்து அகற்றுங்கள். உயிர்களைக் கற்பிக்கும்போது ஏணி வரையாதீர்கள், கிளைவிட்ட மரம் வரையுங்கள். சிவப்பு மையால் எழுதியதையும் பச்சை மையால் எழுதியதையும் பிரித்தறிந்தால்தான் விடை கிடைக்கும் என்ற நிலையில் பயிற்சித்தாள் தயாரிக்காதீர்கள். பெற்றோர்களே, பிள்ளை நிறங்களை மாற்றிச் சொன்னால் அடிக்காதீர்கள். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அந்தத் தாயாரின் கேள்விக்கு மறுவாரமே வகுப்பில் விடை சொன்னேன். அதே மாணவர்கள் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மாட்டின் கண், டார்சியரின் கண், நம் கண் மூன்றையும் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். பாடம் முடிந்ததும் அவன் எழுந்து, "அப்படியென்றால் ஐயா, மாட்டுக்கு நான் தீட்டிய மரம்தான் சரியாகத் தெரியுமா?" என்று கேட்டான்.

வகுப்பு மீண்டும் சிரித்தது. இம்முறை அவனும் சேர்ந்து சிரித்தான்.

சிந்திப்போம், திருந்துவோம்.