அந்த 15 லட்சத்தை யார் சொன்னது?



போன மாசம் நம்ம வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டை எல்லாரும் பார்த்திருப்பீங்க. 'நம் பல்லாவரம் கல்லின் வயது 15 லட்சம் ஆண்டுகள்!' என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் பெரிசா எழுதியது நான்தான். மறு வாரம் அதை அடித்ததும் நான்தான். ஏன் அடிச்சே, நல்லாத்தானே இருந்துச்சு என்று நிறைய பேர் கேட்டுவிட்டாங்க. அதனால் இதை எழுதுகிறேன்.

சமூக அறிவியல் செயல்திட்டத்துக்கு நாங்கள் நாலு பேர் எடுத்த தலைப்பு பல்லாவரம். பாடப் புத்தகத்தில் முதல் பாடத்திலேயே வருகிற ஊர். தாம்பரத்தில் ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது அதுதான். 1863 மே 30ஆம் தேதி அங்கே சரளை மண் தோண்டிய குழியில் இராபர்ட் புரூஸ் பூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனுஷங்க செதுக்கிய கைக்கோடாரி அது. இந்தியாவிலும் அந்தக் காலத்து மக்கள் வாழ்ந்தாங்க என்பதற்கு முதலில் கிடைத்த பெரிய ஆதாரம் நம்ம பக்கத்து ஊரில் கிடைத்தது! எங்களுக்கு ஒரே பெருமை.

மீதியை அக்கா போனில் தேடினோம். ஒரு பக்கத்தில் பூட் தொல்லியல் அறிஞர் என்று இருந்தது, எழுதிக்கொண்டோம். இன்னொரு பக்கத்தில் 15 லட்சம் இருந்தது, அதையும் எழுதிக்கொண்டோம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

டீச்சர் சார்ட்டைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "இந்த 15 லட்சத்தை யார் சொன்னது?"

"நெட்டுல போட்டிருக்கு டீச்சர்."

"நெட்டுங்கறது யாரு? உங்க எதிர் வீட்டுக்காரரா?"

வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் கோபமா வந்தது. எப்படியாவது அந்த 15 லட்சத்தை நிரூபிச்சுக் காட்டணும் என்றுதான் திரும்பத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட அது என் கையை விட்டுப் போய்விட்டது.

அந்த எண் அத்திரம்பாக்கத்தோடது. திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் இருக்கிற ஊர். சாந்தி பப்பு அவர்களும் அவங்க குழுவும் அங்கே அடுக்கடுக்காகத் தோண்டி, கிடைத்த கருவிகளின் வயதை அளந்து, 2011இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. ஆங்கில சார்தான் அதன் சுருக்கத்தைப் படித்துச் சொன்னார். ஒரே ஒரு பத்தி, அதுக்கே ரெண்டு நாள் சாப்பாட்டு நேரம் போனது. 1863 செப்டம்பரில் பூட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் எடுத்தாங்க. ரெண்டு ஊரும் ஒரே ஆள் கதையில் வருவதால் யாரோ ரெண்டையும் சேர்த்து எழுதிவிட்டாங்க. நாங்களும் அப்படியே காப்பி அடித்தோம். பூட் தொல்லியல் துறைக்காரரும் இல்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர்.

இன்னொரு விஷயம். எங்க ஆயா திரிசூலம் மலையில் ஜல்லி உடைத்தவங்க. கைக்கோடாரி படத்தைக் காட்டினேன். "இது மாதிரி சில்லு நானே ஆயிரம் ஒடச்சிப் போட்டிருக்கேன் போடி" என்றாங்க. சிரித்துவிட்டு விட்டுவிடத்தான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அது நல்ல கேள்வி. ஆயா உடைத்த சில்லும் அந்தக் கோடாரியும் ஒன்றில்லை என்று எப்படிச் சொல்வது? கல்லே வேற என்று பிறகுதான் தெரிந்தது. ஆயா உடைத்தது கருங்கல். சார்னோக்கைட் என்று பேர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் சமாதியில் இருப்பது இந்தப் பக்கத்துக் கல் என்பதால் தாமஸ் ஹாலண்ட் 1893இல் வைத்த பேர். பூட் எடுத்தது குவார்ட்சைட். அதோட, ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டிச் செதுக்கியது. சம்மட்டி அடியில் தெறித்த சில்லு அப்படி இருக்காது.

அறிக்கையைத் திரும்ப எழுதினோம். ஒவ்வொரு தகவல் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று பென்சிலில் குறித்தோம். ஆயா சொன்னதையும் விடவில்லை. அவங்க பேர், வயசு, நேரில் சொன்ன தேதி எல்லாம் போட்டோம். ஆயாவிடம் காட்டினபோது அந்த வரியைத் தடவித் தடவிப் பார்த்தாங்க. ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை தவிர வேற எதிலும் அவங்க பேரை எழுதி அவங்க பார்த்ததில்லையாம்.

மார்க் வந்தது. கடையில் பிரிண்ட் எடுத்து ஜிகினா ஒட்டினவங்களுக்குப் பத்துக்குப் பத்து. அடித்தல் திருத்தல் இருந்ததால் எங்களுக்கு எட்டு. அவங்க மேல எனக்குப் பொறாமை இல்லை (கொஞ்சம் இருக்கு). ஆனா நான் கேட்கிறது இது. அந்தப் பத்தில் ரெண்டு மார்க்கை 'எங்கிருந்து எடுத்தாய்' என்பதற்கு ஒதுக்கக் கூடாதா? 'இணையதளம்' என்று ஒரே வார்த்தை எழுதினால் அந்த ரெண்டும் கிடையாது என்று சொல்லுங்க. யார் எழுதியது, எந்த வருஷம், எதில் வந்தது என்று எழுதினால் கொடுங்க. ஜிகினாவுக்கு வேணும்னா ஒண்ணு வெச்சுக்கலாம்.

நம்ம ஊர்ப் பள்ளிக்கு இதெல்லாம் ரொம்ப ஓவர், நம்மகிட்ட புத்தகம் ஏது என்று என் தோழியே சொல்கிறாள். எங்ககிட்ட இருந்தது பாடப் புத்தகம், ஒரு போன், ஆங்கில சார், ஆயா, அவ்வளவுதான். பூட் தன் கல்லைப் பற்றி 1866இல் சென்னையில் வந்த ஒரு ஆங்கில இதழில் எழுதினார். எங்கே, என்றைக்குக் கிடைத்தது என்று ஒழுங்கா எழுதி வைக்கவில்லை என்றால் இன்னைக்கு நான் ஊர் பேரும் தேதியும் சொல்லி எப்படிப் பெருமை அடிப்பேன்?

அவர் சேர்த்த கருவிகளை 1904இல் அரசு வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை டீச்சர் கூட்டிக்கொண்டு போறாங்க. வருகிறவங்க வகுப்புத் தலைவியிடம் பேர் கொடுங்க. எங்க ஆயாவும் வர்றாங்க. அந்தக் கல்லை நேரில் பார்த்துவிட்டுத்தான் தன் முடிவைச் சொல்வாங்களாம்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி