கருத்தடை ஆப்பரேஷன்: தீர்மானம் தாயின் கையில் இருக்கட்டும்

பிரசவ வார்டில் வலியும் களைப்பும் தீராத ஒரு தாயிடம், "பிள்ளை போதும்தானே, ஆப்பரேஷன் செய்துவிடலாமா?" என்று கேட்டால் அவள் பெரும்பாலும் தலையாட்டிவிடுவாள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதை நாம் ஏற்கவில்லை.

குடும்பத் திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. எத்தனை பிள்ளை, எப்போது பிள்ளை என்று தீர்மானிப்பது பெண்ணின் உரிமை. கருக்குழாயைக் கட்டும் எல்.ஆர்.டி. சத்திரசிகிச்சையையும் எதிர்க்கவில்லை. இனிப் பிள்ளை வேண்டாம் என்று நன்றாக யோசித்து முடிவெடுத்த தாய்க்கு அது நல்ல வழி. மற்ற வழிகளையும் தெரிந்துகொண்ட பிறகு அவளே அதைத் தெரிவு செய்தாளா என்பதே நமது கேள்வி.

இப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கு அரசாங்கம் 500 ரூபாய் வரை கொடுத்தது. அது அன்றைய தோட்டத்தில் பல வாரக் கூலி. வீட்டில் அரிசி இல்லாத நேரத்தில் நீட்டப்படும் அந்தப் பணத்தை வாங்கியதைச் சுதந்திரமான தெரிவு என்று சொல்ல முடியுமா? தேயிலைத் தோட்டப் பெண்களுக்கு நடந்த கருத்தடை முறைகேடுகளைப் பற்றி சசிகுமார் பாலசுந்தரம் எழுதிய ஆய்வு 2011இல் 'இந்தியன் அந்த்ரோபாலஜிஸ்ட்' என்ற மானிடவியல் சஞ்சிகையில் வெளிவந்தது. நம் தாய்மார் லயத்து வாசலில் பேசிக்கொண்டது அப்போது ஆய்வாகவும் அச்சேறியது.

சரி, என்னென்ன வழிகள் உண்டு? 1,000 பெண்கள் ஒரு முறையைப் பாவித்தால், முதல் வருடத்தில் கருத்தரிப்பவர்கள் எல்.ஆர்.டி.யில் சுமார் 5 பேர், செம்பு லூப்பில் சுமார் 8 பேர், கையில் வைக்கும் குச்சியில் (இம்ப்ளான்ட்) 1 பேர் அளவில். கணவன் வாசெக்டமி செய்துகொண்டால் 1 அல்லது 2 பேர். ஆகவே "ஆப்பரேஷன்தான் நிச்சயம், மற்றதை நம்ப முடியாது" என்ற பேச்சு சரியல்ல.

பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. லூப் 10 வருடம் வேலை செய்யும். ஜடெல் குச்சி 5 வருடம். வேண்டாம் என்றால் இடையிலேயே எடுத்துவிடலாம், திரும்பவும் கருத்தரிக்கலாம். எல்.ஆர்.டி. செய்த குழாயை மீண்டும் இணைப்பது கடினம். செலவும் அதிகம், பலனும் நிச்சயமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் மறுமணம் செய்தவளுக்கும் இது பெரிய விஷயம். அமெரிக்காவில் 14 வருடம் நடந்த ஆய்வில், 30 வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்தவர்களில் 100க்கு 20 பேர் பின்னர் வருந்தினார்கள். 30ஐத் தாண்டிச் செய்தவர்களில் வருந்தியவர்கள் 6 பேர். நம் பெண்கள் பலர் 25 வயதிலேயே இந்தக் கேள்விக்கு முகங்கொடுக்கிறார்கள்.

ஒவ்வொன்றிலும் குறையும் உண்டு. செம்பு லூப்பில் மாதவிடாய் இரத்தம் கூடலாம். இரத்தச்சோகை உள்ள கொழுந்து பறிக்கும் பெண் அதை மருத்துவமாதுவிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். குச்சி வைத்தால் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரலாம். பாலியல் நோயைத் தடுப்பது ஆணுறை மட்டுமே.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வாசெக்டமி சிறிய சிகிச்சை, மரத்துப்போகும் ஊசியோடு சுமார் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கவ்வாத்து வெட்டும் பலமோ ஆண்மையோ போகாது. மூன்று மாதம் வேறு முறை பாவித்து, பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பாரம் முழுவதும் பெண்ணின் வயிற்றில்தான் விழுகிறது. தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இது தோட்டத்தோடு முடியும் விஷயமும் அல்ல. 1977 கலவரத்துக்குப் பின் நம்மவர் பலர் வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். அதே வன்னியில், 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், சரியான விளக்கமும் சம்மதமும் இல்லாமல் பெண்களுக்குக் குச்சி வைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதிகாரிகள் மறுத்தார்கள். கழற்றக்கூடிய முறை என்பதால் கட்டாயம் நியாயமாகிவிடாது.

மன்னார்க் கரையோர முள்ளிக்குளத்தையும் பாருங்கள். 2007இல் வெளியேற்றப்பட்டு மலங்காட்டிலும் காயாக்குழியிலும் குடிசை போட்டிருந்த மக்களுக்கு, 2017இல்தான் காணியின் ஒரு பகுதியை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. இப்படிப்பட்ட தூரத்து ஊரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசிக்குப் போவது கஷ்டம். நீண்டகால முறை தேவைதான். ஆனால் "தூரம், ஒரேயடியாக முடித்துவிடு" என்பது பதிலல்ல. குச்சி வைத்தவருக்கு அதைக் கழற்றும் இடமும் எட்டும் தூரத்தில் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை:

• விளக்கம் கர்ப்பிணிக் கிளினிக்கிலேயே, தமிழில், கணவனும் இருக்கையில் தரப்பட வேண்டும். முதன்முறையாகப் பிரசவக் கட்டிலில் கேட்கக் கூடாது.

• சம்மதப் பத்திரம் தமிழில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

• பணமோ பரிசோ கூடாது. தோட்ட நிர்வாகம் இதில் தலையிடக் கூடாது.

• சத்திரசிகிச்சைக்குப் பின் ஓய்வு நாட்களுக்குச் சம்பளம் வேண்டும். தையல் ஆறுமுன் கொழுந்துக் கூடை சுமக்க வைக்கக் கூடாது.

"மூன்றாவது பிள்ளைக்கு லீவு குறையும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2018 திருத்தச் சட்டப்படி எத்தனையாவது பிள்ளைக்கும் 84 நாள் பிரசவ லீவு உண்டு.

தாய்மாரே, உங்களுக்கு விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நெருக்கினால் தோட்டக் கமிட்டித் தலைவியிடம் சொல்லுங்கள். சங்கம் உங்களோடு வரும்.