பச்சை வர்ணத்துக்கு அடியில்

பழைய சாமான்களைப் பற்றி உலகத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. பழைய பேப்பர்க்காரன் தெருவில் குரல் கொடுத்த மாத்திரத்தில் வாசலுக்கு ஓடுகிறவர்கள் ஒரு கட்சி. ஓட்டைப் பித்தளைச் செம்பையும், "இது எங்கள் பாட்டி காலத்தது" என்று பரணில் ஏற்றி வைக்கிறவர்கள் மற்றொரு கட்சி. ஒரே குடும்பத்தில் இரண்டு கட்சியினரும் இருந்துவிட்டால் அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இராது. ஆனால், நேயர்களே, பரணில் ஏற்ற முடியாத பழைய சாமானாக இருந்தால் என்ன செய்வது? 22 அடி நீளமும், நான்கு டன்னுக்கு மேற்பட்ட எடையும், பத்துச் சக்கரங்களும் உள்ள ஒரு பட்டாளத்து லாரியைக் கொண்டு வந்து வீட்டுக் கொல்லையில் நிறுத்தினால்?

இப்படி நிறுத்துகிறவர்கள் மேல் நாடுகளில் பலர் இருக்கிறார்கள். இவர்கள் படைத் தலைவர்கள் அல்லர். பெரும்பாலும் நம்மைப் போன்ற சாதாரண சம்சாரிகள். அமெரிக்காவில் இவர்களுக்கென்று 1976-ம் வருஷத்திலேயே ஒரு சங்கம் ஏற்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஓடி ஓய்ந்த வண்டிகளைத் தேடிப் பிடித்து, துருவை நீக்கி, மறுபடியும் ஓட வைப்பதே இவர்களுடைய காரியம். அதற்கு எத்தனை பணம், எத்தனை வருஷம் என்ற கணக்கை மட்டும் இவர்கள் வீட்டு எஜமானிகளிடந்தான் கேட்க வேண்டும்.

இவர்கள் விரும்பும் வண்டிகளில் முக்கியமானது அமெரிக்காவின் ஜி.எம்.ஸி. இரண்டரை டன் லாரி. 1941 முதல் 1945 வரையில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட லாரிகள் இந்த மாதிரியில் செய்யப்பட்டன. ஸி.ஸி.கே.டபிள்யு. என்பது இதன் உத்தியோகப் பெயர். ஏதோ மந்திர எழுத்துக்கள் போல் தோன்றினாலும் அர்த்தம் எளிதுதான். முதல் 'ஸி' 1941-ம் வருஷத்து மாதிரி என்பதைக் குறிக்கும். இரண்டாவது 'ஸி', என்ஜின் முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண அமைப்பு. 'கே' என்றால் முன் சக்கரங்களுக்கும் என்ஜினின் சக்தி போகும். 'டபிள்யு' என்றால் பின்புறம் இயங்கும் அச்சுகள் இரண்டு. சிப்பாய்களுக்கு இந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "ஜிம்மி" என்று செல்லமாக அழைத்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் ஏராளமான ஜிம்மிகள் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டன. பிரெஞ்சு சைன்யம் பல்லாண்டுகள் அவற்றை உபயோகித்தது. மற்றவை குடியானவர்கள் கைக்கும் மரவாடிக்காரர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தன. கடைசியில் ஏதோ ஒரு கொட்டகை ஓரத்தில், செடி கொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டன. புதுப்பிக்கிறவருடைய கதை அங்கேதான் ஆரம்பமாகிறது.

முதல் வேலை கழற்றுவது. கழற்றுவது சுலபம் என்று நினைப்பவர்கள் எண்பது வருஷத்துத் துருவுடன் பழகாதவர்கள். நட்டும் போல்ட்டும் பிறவியிலேயே ஒட்டிப் பிறந்தவைபோல் இருக்கும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, நெருப்புக் காட்டி, மறுபடியும் எண்ணெய் விட்டு, ஒரு போல்ட்டுடன் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, தனித் தனிப் பையில் போட்டுச் சீட்டு எழுதி ஒட்டவேண்டும். "நினைவில் இருக்கும்" என்று சொல்கிறவர், இரண்டு வருஷம் கழித்து நாற்பது போல்ட்டுகள் நிறைந்த டப்பாவை வைத்துக்கொண்டு விழிப்பார்.

அடுத்தது என்ஜின். ஆறு சிலிண்டர், 270 கன அங்குலம். நெடுநாள் நின்றதனால் பிஸ்டன்கள் சிலிண்டருடன் இறுகிப் போயிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரங்களின் வழியாக எண்ணெய் ஊற்றி, நாட்கணக்காக, சில சமயம் வாரக் கணக்காகக் காத்திருக்கிறார்கள். பிறகு முன்புறத்துக் கைப்பிடியை மாட்டி மெல்ல அசைத்துப் பார்க்கிறார்கள். முரட்டுத்தனம் இங்கே செல்லாது. அரை அங்குலம் அசைந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் தீபாவளிதான்.

மின்சார வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த லாரியின் பாட்டரி 6 வோல்ட். அதே அளவு வேலையை 12 வோல்ட்டில் செய்வதானால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பாதியாகும். இங்கேயோ முழுதும் ஓடியாக வேண்டும். ஆகவே தடித்த கம்பி வேண்டும். இக்காலத்துக் கார்களின் மெல்லிய கம்பியைப் போட்டுவிட்டு, "பாட்டரி புதிதுதானே, ஏன் கிளம்பவில்லை?" என்று திகைப்பவர்கள் உண்டு.

அபாயங்களும் உண்டு. வீட்டில் குழந்தை குட்டிகள் இருப்பதனால் இவற்றை வேடிக்கையாகச் சொல்வதற்கில்லை. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பழைய பிரேக் பட்டையில் கல்நார் இருக்கும். இரண்டின் தூளும் மூச்சுக்குள் போகலாகாது. சக்கரத்தில் டயரைப் பிடித்து நிறுத்துவது ஓர் இரும்பு வளையம். அது சரியாகப் பொருந்தாதபோது காற்றடித்தால் வளையம் பீரங்கிக் குண்டைப்போல் பாயும். ஆகவே இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும். கால் பிரேக்குக்கு எண்ணெய் போகும் பாதை ஒன்றே ஒன்றுதான். ஒரு குழாய் வெடித்தால் எல்லாச் சக்கரங்களின் பிரேக்கும் ஒருங்கே போய்விடும். வர்ணம் பளபளப்பதைப் பார்த்து மயங்காமல் குழாய்களை முதலில் மாற்றுகிறவரே புத்திசாலி.

இவை எல்லாம் கைகளின் வேலை. மனச்சாட்சிக்கு வேலை வைப்பது வர்ணந்தான்.

மெல்லிய உப்புத் தாளை நீரில் நனைத்து, தூள் பறக்காமல், கதவிலும் பானெட்டிலும் மெதுவாகத் தேய்த்துக்கொண்டு வந்தால், லாரியின் சரித்திரம் கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னோக்கி விரியும். மேலே குடியானவர் பூசிய நீலமோ சிவப்போ இருக்கலாம். அதன் கீழ் பிரெஞ்சுப் பட்டாளத்தின் பச்சை. அதற்கும் கீழே அமெரிக்க சைன்யத்தின் மங்கிய ஆலிவ் பச்சை. பாக்கியம் இருந்தால் அந்த அடிப்படலத்தில், பானெட்டின் பக்கவாட்டில், 4 என்ற இலக்கத்தில் தொடங்கும் பதிவு எண் தெரியும். இன்னும் அதிக பாக்கியம் இருந்தால் பம்பரில், அந்த லாரி எந்தப் படையில் எந்தக் கம்பெனியைச் சேர்ந்தது என்று தெரிவிக்கும் எழுத்துக்கள் கிடைக்கும்.

இங்கேதான் பிணக்கு எழுகிறது. ஒரு சாரார் எல்லாவற்றையும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு, புது வர்ணம் பூசி, பெரிய வெள்ளை நட்சத்திரம் போட்டு, சினிமாவில் புகழ் பெற்ற ஏதாவது ஒரு படைப் பிரிவின் அடையாளத்தை எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. மற்றொரு சாரார், "கிடைத்த அடையாளம் எதுவோ அதையே வை, ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒன்றும் எழுதாதே" என்கிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். பக்கத்துப் பையனைப் பார்த்து முத்து முத்தாகக் காப்பியடித்த கணக்குக்கு மார்க்குப் போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே என்னுடைய ஓட்டு இரண்டாவது கட்சிக்கே. அதற்கு உபாத்தியாயர் குணம் மட்டும் காரணம் அல்ல.

1944-ம் வருஷம் ஜூன் மாதம் நேச தேசத்துப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மானியரின் அணி உடைந்தபோது, யாரும் எதிர்பாராத வேகத்தில் அப்படைகள் பிரான்ஸின் குறுக்கே பாய்ந்து சென்றன. ஜெனரல் பாட்டனுடைய டாங்கிகள் முன்னேற முன்னேற, பெட்ரோலும் குண்டும் ஆகாரமும் பின்தங்கிவிட்டன. ஜெர்மானியர் உபயோகிக்கக் கூடாதென்று பிரெஞ்சு ரயில் பாதைகளை நேச தேசத்து விமானங்களே முன்னதாக உடைத்திருந்தன! எஞ்சிய உபாயம் லாரி ஒன்றே. ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரித் தொடர் கிளம்பிற்று. போவதற்கு ஒரு சாலை, திரும்புவதற்கு வேறொரு சாலை. ஊர் ஜனங்களின் வண்டிகளுக்கு அவற்றில் இடமில்லை. சுமார் 6,000 வண்டிகள் இரவு பகலாக ஓடின. உச்ச நாளில் அவை கொண்டு சேர்த்த சுமை 12,000 டன்னுக்கு மேல். நவம்பர் 16-ந் தேதிவரை இது நடந்தது.

ஓட்டியவர்கள் யார்? நான்கில் மூன்று பங்கினர் கறுப்பு இனத்து அமெரிக்கர்கள். அந்நாளில் அமெரிக்க சைன்யத்தில் வெள்ளையருக்குத் தனிப் படை, கறுப்பருக்குத் தனிப் படை. கறுப்பர்களில் பெரும்பாலோருக்குத் துப்பாக்கி பிடிக்கும் பெருமையைக் கொடுக்காமல் சுமை தூக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அந்தச் சுமைதான் முன்னணியைக் காப்பாற்றியது. மணிக்கு 25 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். வேகத்தைக் கட்டுப்படுத்த என்ஜினில் ஒரு கருவியும் இருந்தது. ஓட்டுநர்கள் அதைச் செயலற்றதாக்கிவிட்டுப் பறந்தார்கள். இரண்டரை டன் லாரியில் ஐந்து டன்வரை ஏற்றினார்கள். தூக்கமின்மையால் விபத்துக்கள் பல.

அவர்களுக்குக் கிடைத்த கீர்த்தி என்ன? 1952-ல் அந்த லாரித் தொடரின் பெயராலேயே ஹாலிவுட்டில் ஒரு படம் எடுத்தார்கள். அதில் கதாநாயகர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி! பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற ஸிட்னி பாய்ட்டியர் அதில் ஓட்டுநராக வந்தும், கதையின் நடுநாயகம் அவருக்குக் கிடைக்கவில்லை. சைன்யத்தில் இன வேற்றுமை கூடாதென்று ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்டது 1948-ம் வருஷம் ஜூலை மாதத்தில். யுத்தம் முடிந்து ஏறக்குறைய மூன்று வருஷங்களுக்குப் பிறகு.

நம் தேசத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அஸ்ஸாமிலுள்ள லெடோவிலிருந்து பர்மாக் காடுகளின் வழியாகச் சீனாவை எட்டிய சாலையிலும் ஜிம்மிகள் ஓடின. 1945-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி லெடோவை விட்ட முதல் லாரித் தொடர், பிப்ரவரி 4-ந் தேதி குன்மிங் நகரை அடைந்தது. அந்தச் சாலையை வெட்டிய அமெரிக்கப் படையினரிலும் பெரும்பாலோர் கறுப்பர்களே. அவர்களுடன் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களும் சேற்றிலும் மலைச் சுரத்திலும் உழைத்தார்கள். சாலைக்கோ பின்னர் ஜெனரல் ஸ்டில்வெல்லின் பெயர் வைக்கப்பட்டது.

இப்போது பம்பருக்குத் திரும்பி வருவோம். உப்புத் தாளால் மெதுவாகத் தேய்க்கும்போது, பெயர் தெரியாத ஒரு போக்குவரத்துக் கம்பெனியின் எண் வெளிப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் புகழ் பெற்ற டாங்கிப் படையின் அடையாளத்தை எழுதினால் என்ன ஆகிறது? ஒரு முறை சினிமாக்காரர்கள் செய்ததை, கொல்லையில் வேலை செய்யும் நல்ல மனிதர் ஒருவர் தம் சொந்தப் பணத்தைச் செலவழித்து மறுபடியும் செய்கிறார். அவருக்கு அப்படி ஒரு கெட்ட எண்ணமே இல்லை. பளபளப்பின் மீதுள்ள ஆசைதான். ஆனால் அந்த எண்ணைத் தவிர வேறு சாட்சி அந்த ஓட்டுநர்களுக்கு அந்த லாரியில் கிடையாது.

"யுத்த வண்டியைக் கொண்டாடலாமா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜிம்மி ரொட்டியையும் சுமந்தது. பீரங்கிக் குண்டையும் சுமந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு யுத்தம் எத்தனை பேருடைய முதுகின்மேல் நடக்கிறது என்பதை, குதிரைமேல் அமர்ந்த சேனாதிபதியின் சிலையைக் காட்டிலும் சுமை லாரி நன்றாகவே சொல்லும்.

ஜூன் மாதத்தில் நார்மண்டி விழாக்களுக்கு இத்தகைய லாரிகள் வரிசையாகச் செல்கின்றன. குழந்தைகள் கை தட்டுகிறார்கள். வயதானவர்கள் கண்களைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவ்வரிசையில் பானெட்டின் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குப் பழைய வர்ணத்தைச் சுரண்டாமல் விட்டு, அதில் மங்கலாகத் தெரியும் எண்ணையும் அப்படியே விட்டிருக்கும் ஒரு லாரியைக் கண்டால், அதன் சொந்தக்காரரை நெருங்கி, "இதை யார் ஓட்டினார்கள்?" என்று கேளுங்கள். அவரிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கும்.