போர்ஷேக்கு ஒரு நீதி, குட்டி லாரிக்கு ஒரு நீதி!

“சுதந்திர வர்த்தகம்” என்று ஊருக்கு உபதேசிக்கும் அமெரிக்காவின் லட்சணத்தைப் பாருங்கள், தோழர்களே!

1980களில் ஜெர்மனியில் மலிவாகக் கிடைத்த பென்ஸ் கார்களை அமெரிக்கர் பலர் நேரே தருவித்தனர். விளக்கு, பம்பர், புகைக்குழாய் முதலியவற்றை உள்நாட்டு விதிப்படி மாற்றி ஓட்டினர். கம்பெனிக்கும் ஏஜெண்டுகளுக்கும் லாபத்தில் அடி! கூச்சல் போட்டனர், 1988-ல் சட்டம் வந்தது. 25 வயது நிரம்பாத அன்னியக் காரை, அரசிடம் பதிவு பெற்ற இறக்குமதியாளர் பெருஞ்செலவில் திருத்தியாக வேண்டும். பாதுகாப்புக்காகவாம்!

பாதுகாப்பு வேண்டாமென நாம் கூறவில்லை. கோடீசுவரர் பில் கேட்ஸின் போர்ஷே 959 சுங்கத்தில் பல்லாண்டு முடங்கியதே, பிறகு நடந்தது என்ன? 1998-ல் சட்டமே வளைந்தது! அத்தகைய அபூர்வக் கார்களைக் ‘காட்சிப் பொருள்’ என அனுமதி பெற்று ஆண்டுக்கு 2,500 மைல் ஓட்டலாம்.

விவசாயி வைக்கோல் ஏற்ற வாங்கிய 660 சி.சி. ஜப்பானியக் குட்டி லாரிக்கோ, 25 வயது கடந்து மத்திய சட்டம் அனுமதித்தும், ஜார்ஜியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் பதிவு மறுத்தன. டெக்சாஸில் உரிமையாளர்கள் ஒன்றுதிரண்டு போராடினர், 2024-ல் வென்றனர்.

சீமான் தனியே கேட்டாலும் சட்டம் வளைகிறது. உழைப்பவன் கூடிக் கேட்டால்தான் வளைகிறது. ஆலையிலும் வயலிலும் நாம் கண்ட பாடமும் இதுவே!