தனி டம்ளர் வேண்டாம்!

வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். அன்று இரவே அந்த வீட்டில் ஒரு காரியம் நடக்கிறது. நோயாளியின் தட்டும் டம்ளரும் தனியாகப் போய்விடுகின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. குடும்பத் தலைவர் தறி நெய்கிறவர். வயது 40. இரண்டு பெண்கள், ஒரு பையன். அவருக்கு இருமல் நிற்கவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. சளியைச் சோதித்தார்கள். காசநோய் என்று தெரிந்தது.

"ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிடுங்கள். குணமாகிவிடும்" என்று டாக்டர் சொன்னார். அவரும் தைரியமாகத்தான் வீடு திரும்பினார்.

மறுநாள் காலையில் காப்பி வந்தது. எவர்சில்வர் டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு கோடு கிழித்திருந்தது. மற்றவர்கள் மறந்துபோய் அதை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த அடையாளம். கோடு கிழித்தவர் அவரைப் பெற்ற தாய்.

"நோய் என்று சொன்னபோது நான் அழவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்" என்றார் அவர்.

தாய்க்கு மகன்மேல் பாசம் இல்லையா? உண்டு. ஆனால் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே! அவர்களுக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான் ஆணியை எடுக்க வைத்தது.

பயப்படுவது தவறல்ல. எதற்குப் பயப்படுவது என்று தெரிந்துகொள்ள வேண்டும். காசநோய் தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. நோயாளி இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில், அந்தக் காற்றைப் பல நாட்கள் சுவாசிக்கிறவர்களுக்குத் தொற்றக்கூடும். ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயைத் துணியால் மூடச் சொல்லுங்கள். முதல் சில வாரங்கள் அவர் தனியே படுக்கட்டும். வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாகச் சிறு குழந்தைகள், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சரியான மருந்து உள்ளே போனதும் தொற்றும் அபாயம் வேகமாகக் குறைந்துவிடும்.

சென்னை காட்டிய வழி

இதை உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் நம் சென்னை முதன்மையானது.

முன்பெல்லாம் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் கொண்டுபோய் விடுவார்கள். தாம்பரத்தில் 1928-ல் அப்படி ஒன்று ஏற்பட்டது. அந்தப் பெயரில் ரெயில் நிலையமே இருக்கிறது. தினமும் அந்த வழியாகப் போகிற எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியுமோ! நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள சாப்பாடு எல்லாம் அங்கே கிடைக்கும். மனைவி, மக்களின் முகம்தான் கிடைக்காது.

1956-ல் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்தின. 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் ஏழைகள். ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் தங்கள் சிறிய, நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து ஓர் ஆண்டு மருந்து சாப்பிட்டார்கள். அவர்களுக்குச் சானடோரியச் சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை.

முடிவு 1959-ல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள்! அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. தொற்றுவதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்புதான். உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் வழக்கம் பரவ இந்த ஆராய்ச்சி காரணமாயிற்று.

உடம்பைப் பொறுத்தவரை வீடு போதும் என்று இப்படி நிரூபணமாகிவிட்டது. ஆனால் அதே வீட்டுக்குள் ஒரு மனிதனை ஒதுக்கி வைத்தால்?

அந்த நெசவாளர் எரிந்து விழ ஆரம்பித்தார். சோற்றில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினார். பிள்ளைகள் சிரித்தால் கோபம் வந்தது. ஒரு நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது. "ரத்தம் போகிறது. என் கதை முடிந்தது" என்று படுத்துவிட்டார். அது ஒரு மாத்திரையின் நிறம், கெடுதல் இல்லை. இரண்டே வார்த்தையில் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. உடம்பு தேறியது. உடனே மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். மாத்திரை டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் தான் நோயாளி என்பது ஞாபகம் வருகிறதாம். மனைவிதான் மல்லுக்கு நின்று சாப்பிட வைத்தாள். நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். பிறகு வைத்தியம் கடினம்.

மனைவியின் பாடு

அந்த அம்மாளை யாராவது விசாரித்தார்களா? வருகிறவர்கள் எல்லோரும் "அவருக்கு எப்படி இருக்கிறது?" என்றுதான் கேட்டார்கள். தறி ஓடவில்லை. காசநோயாளியின் சாப்பாட்டுக்காக அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் தருகிறது. ஆறு பேர் வயிற்றுக்கு அது எம்மாத்திரம்? ராத்திரி அவர் இருமினால் இவள் விழித்துக்கொள்வாள். இருமாவிட்டாலும் விழித்துக்கொள்வாள். சில சமயம் அவர்மேல் ஆத்திரம் வரும். அடுத்த நிமிஷமே, "நோயாளிமேல் கோபப்பட்டேனே" என்று தன்மேலேயே வெறுப்பு வரும். இதை அவள் யாரிடம் சொல்வாள்? ஒரு நாள் அவளுடைய தங்கை வந்தாள். "நீ போய்த் தூங்கு. மத்தியானம் வரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள். ஆறு மாதத்தில் அவளுக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான்.

இன்னொரு பயமும் அந்த வீட்டில் இருந்தது. மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தகப்பனுக்கு டி.பி. என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடுமே! ஆகவே அக்கம்பக்கத்தில் "ஆஸ்துமா" என்று சொன்னார்கள். நோய் பெண்ணுக்கே வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். ஒளிக்க முடியாத நாளில் சாப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். குணமாகும் நோயைக் குணமாகாத நோயாக்குவது இந்த ஒளிவுமறைவுதான். பெண் கேட்டு வருகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். மருந்தை முழுதாகச் சாப்பிட்டுக் குணமானவரிடம் என்ன குறை?

நெசவாளர் ஆறு மாதமும் சாப்பிட்டு முடித்தார். சளியில் கிருமி இல்லை என்று சோதனையில் தெரிந்தது. மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் காப்பி வந்தது. அடியில் கோடு கிழித்த டம்ளர் அடுப்பங்கரை அலமாரியில் இருந்தது. கிழவி அதில் கடுகு போட்டு வைத்திருக்கிறார்.